கொடுத்தவருக்கு ஒரு தாம்பாளம்

மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடம்தான். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் முத்தையா, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் நான் என்ன செய்வேன்? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அடங்கவில்லை.

டாக்டர் மிஸஸ் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர். மலாக்காவில் பெண்களுக்கென்று தனியாக கிளினிக் வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன அம்மா, சொன்னது விளங்கினதோ? இவரிட்ட வித்து ஒண்டுகூட இல்லை. வாலிப வயசில பொன்னுக்கு வீங்கி வந்து, கீழ வரைக்கும் வீங்கினதெண்டு சொன்னவரெல்லோ, அதாலதான். உங்கட உடம்பில ஒரு பிழையும் இல்லை."

என் உடம்பில் ஒரு பிழையும் இல்லை! அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்த ஊரில் செட்டியார் வீட்டுப் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் வாய் மட்டும் காரைக்குடி வரைக்கும் எட்டும். வளைகாப்பு என்று போனால் என் கையிலிருக்கும் சந்தனக் கிண்ணத்தை யாராவது நாசூக்காக வாங்கிக்கொள்வார்கள். "நீ எதுக்கு ஆச்சி சிரமப்படுறே, உள்ள போய் உக்காரு" என்பார்கள். நானும் உள்ளே போய் உட்காருவேன். அந்தக் கிண்ணத்தை யார் தலையில் கவிழ்க்கலாம் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இனி அந்தத் தலைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைத்து உண்மையைச் சொல்லலாம். அதை நினைத்துத்தான் அப்படிச் சிரித்தேன்.

டாக்டர் பேச்சை முடிக்கவில்லை. "இதுக்கு மருந்து இல்லை. ஆனா வழி இருக்கு. வேற ஒரு ஆம்பிளையின்ர வித்தை வாங்கி, ஊசிக்குழாய் மாதிரி ஒண்டால நான் உங்கட வயித்துக்குள்ள வைக்கலாம். அந்த ஆளை நீங்கள் பாக்கிறதும் இல்லை, அவர் உங்களைப் பாக்கிறதும் இல்லை. சீமையில செய்யிறாங்கள். நானும் செய்திருக்கிறன். ஆருக்கு எண்டு கேளாதையுங்கோ. வீட்டை போய் ரெண்டு பேரும் யோசியுங்கோ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் மாட்டுவண்டி வேகத்தில் காரை ஓட்டினார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காஜா பேராங்கில் எங்கள் வாசலில் இறங்கும்போது, ஓடிப்போய்ப் பச்சை மாங்காய் வாங்கி உப்புத் தொட்டுத் தின்னலாமா என்றிருந்தது. இன்னும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அதற்குள் நாக்கு ஊறியது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவர்களுக்கு வழி இல்லாமலில்லை. பிள்ளை கூட்டுவார்கள். பங்காளி வீட்டில் மூன்று நான்கு ஆண்பிள்ளைகள் இருந்தால் ஒன்றை முறைப்படி கேட்டு, ஊரைக் கூட்டி, பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையெல்லாம் செய்து, தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூட்டுகிற பிள்ளை நடந்து வரும், பெற்ற தாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரும். எனக்கு வயிற்றில் உதைக்கிற பிள்ளை வேண்டும். அந்த ஆசையை அடக்கி அடக்கி வைத்திருந்தேன். டாக்டர் ஒரு வார்த்தையில் மூடியைத் திறந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஊமையாகத் திரிந்தார். கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் காதிலில் இருந்த எங்கள் சின்ன ரப்பர் தோட்டத்தைப் பார்த்து வரலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். மரங்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"சிகப்பி, அந்த ஆளு எந்தக் கோயிலா இருப்பாரு?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நகரத்தாரில் ஒன்பது கோயில் உண்டு. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அவர் இளையாற்றங்குடிக் கோயில், நான் பிறந்தது மாத்தூர்க் கோயில்.

"மாத்தூர்க்காரரா இருந்துட்டா ஒனக்குக் கூடப்பொறந்த முறையாயிருமே" என்றார் அவர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "அது தப்பு. டாக்டர்ட்ட கண்டிப்பாச் சொல்லிறணும்."

நான் ஒரு ரப்பர் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோயில் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார் என்றால் சம்மதம் சொல்லிவிட்டார் என்றுதானே அர்த்தம்? "ஏன் அழுகுறே?" என்று பதறினார். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

"ஒங்களுக்கு மனசு ஒப்புதா?" என்று கேட்டேன்.

"ஒப்பலதான் மொதல்ல" என்றார். "பொறவு யோசிச்சேன். எங்க அப்பச்சி போனப்ப எனக்கு வெவரம் தெரியாது. வளத்தது பூரா அண்ணன்தான். பெத்தவுக மொகமே எனக்கு நெனப்புல இல்ல. அப்ப, பெக்குறது மட்டும் என்ன பெரிய இது? நீ பெறு. நான் வளக்குறேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பால் வெட்டுகிறவர்கள் யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது கோயில் விஷயத்தை அவர் கேட்டேவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"செட்டியார், என்ர பின்வாசல்ல என்ன, ஒன்பது கோயில் ஆக்களும் வரிசையில நிக்கினம் எண்டோ நினைக்கிறியள்? நல்ல சுகதேகி. பிள்ளைகுட்டி உள்ள மனுசன். ரத்தம் உங்கட ரத்தத்தோட பொருந்தும். நிறமும் உங்களைப் போலத்தான். இதுக்கு மேல ஒரு சொல் கேக்கக்கூடாது."

"செட்டியாரே இல்லையா?"

"இல்லை!"

"அப்ப மாத்தூரும் இல்ல" என்று சொல்லி நிம்மதியாக மூச்சுவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடிந்ததே தெர்மாமீட்டரோடுதான். காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழாமல் நாக்குக்கடியில் வைக்கவேண்டும். கரு தங்க ஏற்றதாக, உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கும் நாள் எது என்று மாதாமாதம் பார்த்துவைத்து, அந்த நாளில் கிளினிக்குக்குப் போகவேண்டும். என் வாயில் கண்ணாடிக் குச்சி இருக்கும் நேரம்தான் அவருக்குப் பேசும் நேரம். பெண் பிறந்தால் எந்தப் பள்ளிக்கூடம், பையன் பிறந்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்று அளந்துகொண்டே போவார். பதில் சொல்ல முடியாமல் நான் கண்ணை உருட்டுவேன். முதல் தெர்மாமீட்டரை உதறுகிற வேகத்தில் கட்டில் காலில் அடித்து உடைத்தார். அடுத்ததைக் கையில் வாங்கும்போதே பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமிக்கு என் முகத்தைப் பார்த்ததும் மூக்கில் வியர்த்துவிட்டது. அவர்கள் மலாக்காச் செட்டிகள். எங்களைப் போல வட்டித்தொழிலுக்கு வந்தவர்கள் இல்லை, பல தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்கள். பெயர் தமிழ், சாமி நம் சாமி, கட்டுவது கெபாயா, பேசுவது மலாய். குழந்தை உண்டா என்று அவள் என்னிடம் முதல்முதலில் கேட்டபோது நான் 'இல்லை' என்பதற்கு மலாயில் தெரிந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் உடனே என் வாயைப் பொத்தி, அப்படிச் சொல்லக்கூடாது, 'பெலும்' என்று சொல்லு என்றாள். பெலும் என்றால் 'இன்னும் இல்லை'. இந்த ஊரில் கல்யாணமாகாத கிழவிகூட 'பெலும்' என்றுதான் சொல்லவேண்டுமாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது. இப்போது அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். நானும் "பெலும், பெலும்" என்று பாடாத குறையாகச் சொன்னேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மறுமாதம் நாள் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கடைசிப் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார். நான் முன்னால் பெச்சாவில், அதான் சைக்கிள் ரிக்ஷாவில், போய் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். இவர் கடையிலிருந்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார். பட்டுக்கரை வேட்டி, விபூதி, கையில் வெள்ளித் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், கல்கண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் மேலே மடித்துவைத்த சரிகை வேட்டியும் துண்டும்.

காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள். வயிறு நிறைந்த ஒரு சீனத்தி மலாயில், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். இவரும் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிவைத்தார். நர்ஸ் அஞ்சலை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். டாக்டர் தாமே வந்து எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இது என்ன கோலம்?"

"அவுகளுக்கு, டாக்டர்" என்றார் இவர். "புள்ள கூட்டுறப்ப குடுத்தவுகளுக்கு மரியாத செய்யாம வாங்குறது எங்க வழக்கத்துல கெடையாது. அவுக யாருன்னு எனக்கு வேண்டாம். நீங்களே எம்பேரச் சொல்லாமக் குடுத்துருங்க. சும்மா கையேந்தி வாங்கினதா இருக்கப்படாது."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, தாம்பாளத்தாலேயே ஒன்று போடலாம் போலவும் இருந்தது. டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்தார். இவரையும் உட்காரச் சொன்னார்.

"செட்டியார், கேளுங்கோ. இது குடுத்து வாங்கிற பிள்ளை இல்லை. பிறக்கப்போறது உங்கட பிள்ளை. குடுத்தவர் எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டு நீங்களே தாம்பாளம் ஏந்திக் காட்டினா, ஊர் அந்த ஆளைத் தேடத் தொடங்கும். பிறகு அந்தப் பிள்ளையைப் பாக்கிறவையெல்லாம் இது ஆற்ற மூக்கு, ஆற்ற காது எண்டு பாப்பினம். உங்களில குறை எண்டு ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. கூடப்பிறந்த ஆக்களுக்கும்கூட. அந்த உறுதி இல்லையெண்டா இதை நான் செய்யேலாது."

"அப்ப, இத்தன வருசம் புள்ள இல்லாததுக்குக் காரணம்?" என்று கேட்டார் இவர்.

"ஊர் இவ்வளவு நாளும் என்ன நினைச்சதோ, அதையே நினைக்கட்டும்."

"அதாவது நான்தான் மலடி" என்றேன்.

டாக்டர் என் கையை மட்டும் ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

வீடு வந்து சேரும்வரைக்கும் பொறுத்தேன். பிறகு அடுப்படியில் ஒரு பாத்திரம் பாக்கியில்லாமல் சத்தம் எழுப்பினேன். யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்று எத்தனை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்! சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்ட ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வாசகம் தயாராக இருந்தது. இப்போது பிள்ளை வேண்டுமென்றால் அத்தனையையும் விழுங்கிவிட்டு, ஒன்பது வருஷமாகச் சுமந்த பெயரை நானே என் கையால் எடுத்து மறுபடி சூட்டிக்கொள்ள வேண்டும். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார், "வேண்டாம் சிகப்பி. புள்ள வேண்டாம். நான் எல்லார்ட்டயும் சொல்லிர்றேன், கொறை எங்கிட்டன்னு. ஒனக்காவது நல்ல பேரு கெடைக்கட்டும்."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். தாம்பாளத்துத் தேங்காயை உடைத்துத் துவையல் அரைத்துப் போட்டேன். நல்ல தேங்காய்.

அந்த வாரமே, செட்டியார்கள் சேர்ந்து கடை வைத்திருக்கும் கிட்டங்கியிலிருந்து செய்தி வந்தது. அவருடைய அண்ணன் மருதப்பன் கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்.

என் மூத்தார் பர்மாவில் பெரிய கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வெள்ளைக்காரன் மலாயாவை விட்டுப் போகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வந்து இறங்கியதும் பெட்டியைக்கூடத் திறக்காமல் ஆரம்பித்துவிட்டார்.

"பர்மாவுல பட்டது போதும்ப்பா. எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு ஊருக்குக் கெளம்புங்க. நம்ம பங்காளி வீட்டு மூணாவது பய, அம்சமா இருக்கான். பேசி முடிச்சிட்டேன். ஆவணி கடைசியில முகூர்த்தம். புள்ளயக் கூட்டிக்கிட்டு அங்கேயே இருந்துருங்க. திரும்புற கப்பல்லயே ஒங்களுக்கும் எடம் சொல்லியாச்சு."

வெளியே தெருவெல்லாம் மெர்டேக்காவுக்கு, அதாவது வரப்போகிற சுதந்திர நாளுக்கு, வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்ண விளக்குகளைத் தொங்கவிட ஏணி வைத்து ஏறியிருந்த ஆட்கள் மேலிருந்தே ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எங்கள் முன்கூடத்தில் மட்டும் அண்ணன் சொல்வதற்கெல்லாம் தம்பி "சரிண்ணே" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் அவருக்கு வேறு வார்த்தை வராது. இவர் இப்படியே தலையாட்டித் தலையாட்டி என்னைக் கப்பலில் ஏற்றிவிடுவார் என்று பயந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தவர் ஜன்னல் பக்கம் ஓடினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எறங்கிருச்சு!" என்றார்.

அவ்வளவுதான், எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டே கடைக்கு ஓடி டாக்டருக்கு டெலிபோன் செய்துவிட்டு வந்தார். பத்து மணிக்கு முன்னால் வந்தே ஆகவேண்டும், கொடுக்கிறவரையும் வரச்சொல்லிவிடுகிறேன் என்றாராம் டாக்டர். நான் குளித்து, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். ஏன் நல்ல புடவை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதல்முதலில் என் பிள்ளையைப் பார்க்கப் போவது போல இருந்தது.

முன்கூடத்தில் மூத்தார் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டீக? உக்காருங்க. இன்னைக்குப் பேசி முடிச்சுருவோம்."

"அவசரமா ஒரு வேலைண்ணே, வந்துர்றோம்" என்றார் இவர்.

"இத விட என்னடா அவசரம்? நான் சுத்தி வளைக்கல முத்தையா. அவ வயித்துல பொறக்கலங்கிறதுக்காக நீ வாரிசில்லாம நிக்கணுமா? எனக்கு அவ மேல கோவம் கெடையாது. அது அவ தலையெழுத்து. அத நீ ஏன் சேந்து அனுபவிக்கணும்? ஒண்ணு, புள்ளயக் கூட்டு. இல்லாட்டி வேற ஒருத்தியக் கட்டு. நீ என்னன்னு சொல்லு, நான் முடிச்சு வைக்கிறேன்."

நான் கதவோரமாக நின்றிருந்தேன். என் வீட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். தோளிலிருந்த துண்டு நழுவி விழுந்தது, அவர் எடுக்கவில்லை. அண்ணனுக்கு நேராகப் போய் நின்றார்.

"அண்ணே, அவளச் சொல்லாதீக. அவகிட்ட ஒரு கொறையும் இல்ல. கொறை எங்கிட்ட—"

இந்த வார்த்தைக்காகத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன். அதுவும் இந்த மனிதருக்கு முன்னால், இந்த வாயிலிருந்து! இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதைச் சொல்லவிட்டால் கப்பலேறிப் போய் என் பெயரை ஊர் முழுக்கத் துடைத்து வைப்பார் மூத்தார். சந்தனக் கிண்ணம் என் கைக்குத் தானாக வரும். அப்புறம் என் வயிறு பெரிதாகும்போது, இது யாரால் வந்தது என்று அதே மூத்தார் விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பார். என் பிள்ளை இந்த வீட்டில் யார் பிள்ளையாக வளரும்?

"நீங்க சும்மா இருங்க!" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மூத்தாருக்கு எதிரே நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நடுக்கூடத்துக்கு வந்து நின்றேன்.

"எனக்காகப் பரிஞ்சு பேசணும்னு பழிய ஒங்க மேல இழுத்துப் போட்டுக்க வேண்டாம். கொறை எங்கிட்டத்தான். இத்தன வருசமா எங்கிட்டத்தான் இருந்துச்சு. வயித்துல ஒரு முடிச்சாம். லேடி டாக்டர் கண்டுபிடிச்சுட்டாக. இன்னைக்கு அத அவுத்து விடுறேன்னு சொல்லியிருக்காக. பத்து மணிக்குள்ள போகணும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தா என் முடிச்ச யாரு அவுக்கிறது?"

நான் பயந்த அளவுக்கு அது கசக்கவே இல்லை. சொல்லச் சொல்ல எனக்குத் தைரியம்தான் வந்தது. என் பிள்ளைக்கு நான் செய்யும் முதல் காரியம் இது என்று நினைத்தேன்.

மூத்தார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறிப்போனது. "அப்பிடியா ஆத்தா? சரியாப் போகுமாமா? சீமையில படிச்ச டாக்டரா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் எழுந்துகொண்ட வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அப்புறம் எதுக்குடா மரம் மாதிரி நிக்கிறே? வண்டிய எடு! கப்பல் கெடக்கு கப்பல். எடத்த மாத்திச் சொல்லிக்கலாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சாலையையே பார்த்து ஓட்டினார். கண் மட்டும் சிவந்திருந்தது.

வழியில் வளைவு கட்ட மூங்கில் ஏற்றி வந்த லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மூத்தார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க வீட்டுப் புள்ளைக்கு நேரமாச்சு, ஒதுக்குங்கடா!" என்று சுத்தத் தமிழில் அந்த மலாய்க்கார டிரைவரைப் பிடித்துச் சத்தம் போட்டார். அவனுக்கு என்ன புரிந்ததோ, சலாம் வைத்துவிட்டு லாரியைப் பின்னுக்கு எடுத்தான். மூங்கில்கள் காரின் கூரையை உரசிக்கொண்டு போயின. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் காரைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருந்தது.

கிளினிக்கில் அஞ்சலை என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ஒரு கதவு திறந்தது. யாரோ நடந்து வரும் செருப்புச் சத்தம், டாக்டரின் தணிந்த குரல், சற்று நேரம் கழித்து மறுபடி செருப்புச் சத்தம். பிறகு கதவு சாத்திக்கொண்டது. நீ நல்லா இருக்கணும் சாமி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி நான் நினைக்கவில்லை.

நான் பயந்துகொண்டிருந்த காரியம் எண்ணெய் தேய்க்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து, அசையாமல் படுத்திரு என்று சொல்லிவிட்டு டாக்டர் இவரை உள்ளே அனுப்பினார். முதல் தடவையிலேயே தங்கும் என்று நம்பி இருக்காதீர்கள், தங்காவிட்டால் அடுத்த மாதமும் வரவேண்டும் என்றார். வருவோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எதுக்கு என்னையச் சொல்ல விடல?" என்றார். "நான் சொல்லியிருப்பேன் சிகப்பி. சத்தியமாச் சொல்லியிருப்பேன்."

"தெரியும். 'எங்கிட்ட' வரைக்கும் சொல்லிட்டீகள்ல. எனக்கு அது போதும்."

அவர் கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவர் தலையைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன், வயிறு குலுங்காமல் பார்த்துக்கொண்டு. சந்தோஷத்தில்தான் அழுதேன். இவ்வளவு சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே மூத்தார் அஞ்சலையைப் பிடித்துக்கொண்டார் போலிருந்தது. கதவைத் தாண்டிக் குரல் கணீரென்று வந்தது. "எங்க வீட்டுப் புள்ளைக எல்லாத்துக்கும் உச்சந்தலையில ரெட்டைச் சுழி இருக்கும், பாத்துக்க. எங்க அப்பச்சிக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, அந்தா உள்ள இருக்கானே, அவனுக்கும் இருக்கு. இதுக்கும் பொறக்கறப்பவே இருக்கும். நான் எழுதியே தர்றேன்."

என் விரல் அவர் உச்சந்தலையிலேயே இருந்தது. இரண்டு சுழியும் கைக்குத் தட்டுப்பட்டன. அவர் அழுகை நின்றுவிட்டது. இந்த ஒரு பேச்சில் இந்த மனிதர் உடைந்துபோனால் நான் சொன்னது அத்தனையும் வீண்.

அவர் எழுந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, இருந்தாலும் எம் புள்ள, இல்லாட்டியும் எம் புள்ள. சத்தம் போடாம இருங்க, அவ படுத்திருக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.